காக்கர் ஸ்பேனியலா, கவாலியரா? செங்கோட்டைச் சாரலுக்கு எது தாங்கும்?

சாரல்வீடு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு, முடிவு மட்டும் வரவில்லை. வளர்த்து அனுபவப்பட்டவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

நாங்கள் செங்கோட்டை. வீட்டுக்காரர் பிரானூரில் ஒரு மர மில்லில் கணக்குப் பார்க்கிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மாமியாரும் எங்களோடுதான். 70 தாண்டிவிட்டது, முழங்கால் வலி, பகல் முழுக்கத் திண்ணையும் கட்டிலும்தான். எங்கள் வீட்டில் 11 வருஷம் இருந்த நாய் மணி போன மார்கழியில் போய்ச் சேர்ந்தான். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தது. இப்போதும் அத்தை மத்தியானம் சாப்பிடும்போது கடைசி உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் வாசலைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த நாய் வேண்டும் என்று நான் சொன்னேன். பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

மகளுக்கு நீளக் காது தொங்கும் ஸ்பேனியல் நாய்தான் வேண்டும். போன சீசனில் குற்றாலத்தில் ஒரு குடும்பம் கூட்டிவந்திருந்த நாயின் காதைத் தடவிப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சு இல்லை. இப்போது எங்கள் முன்னால் இரண்டு குட்டிகள் இருக்கின்றன.

ஒன்று, புனலூரில் ஒரு வீட்டில் காக்கர் ஸ்பேனியல் போட்ட குட்டி. தேன் நிறம், பெண், மே முதல் வாரம் 60 நாள் ஆகும். 18 ஆயிரம் கேட்கிறார்கள். தாயை வந்து பார்க்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். இன்னொன்று கொச்சியில் ஒருவர் விற்கும் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். வெள்ளையில் செம்பழுப்புத் திட்டுகள், போட்டோவில் பார்த்தால் பொம்மை மாதிரி. விலை ஒரு லட்சத்துக்கு மேல். என் தம்பி வளைகுடாவில் இருக்கிறான், மருமகளுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்கிறான். அதனால் விலையை விட்டுவிடுங்கள். கவாலியர் மடியை விட்டு இறங்காது, வயதானவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் பயம் வேறு. ஜூன் பிறந்தால் எங்கள் ஊரில் மூன்று மாதம் சாரல். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். துணி காயாது, சுவர் வேர்க்கும், அரிசிப் பானைக்குள்கூட ஒரு வாடை வரும். அந்த ஈரத்தில் இந்த நீளக் காதும் முடியும் என்ன ஆகும்? மார்ச் முதல் மே வரை எதிர்மாறாகக் காய்ந்து எடுக்கும். இங்கே உள்ள மருந்தகத்தில் டாக்டர் நல்லவர், ஆனால் அவர் பார்ப்பதில் முக்கால்வாசி மாடும் ஆடும். ஸ்கேன் என்று வந்தால் திருநெல்வேலிதான் போகவேண்டும். பகலில் பெரும்பாலும் நானும் அத்தையும்தான் வீட்டில். எது சரி?

கரிசல்மண்:

மதினி, ராஜபாளையம் உங்களுக்குப் பக்கம்தானே. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று நம் நாய்களே இருக்க, குளிர் நாட்டு நாயை எதற்கு இந்த ஈரத்தில் கொண்டுவந்து கஷ்டப்படுத்த வேண்டும்? எங்கள் வீட்டுக் கன்னிக்குக் குட்டை முடி, துடைத்துவிட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். பத்து வருஷத்தில் தடுப்பூசிக்குத் தவிர டாக்டரிடம் போனது இரண்டு தடவை.

சாரல்வீடு:

நீங்கள் சொல்வது நியாயம், அண்ணாச்சி. அதை முதலிலேயே யோசித்தோம். எங்கள் வீடு வரிசை வீடு, பின்னால் ஒரு முற்றம் மட்டும்தான். ஓடி வேட்டையாடப் பிறந்ததை அதற்குள் அடைக்க மனசு வரவில்லை. பெரிய நாய் தாவி விழுந்தால் அத்தையும் கீழே விழுந்துவிடுவார்கள். 15 கிலோவுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி.

மேக்கரைத்தோப்பு:

தங்கச்சி, நான் அடவிநயினார் அணைக்குக் கீழே மேக்கரையில் இருக்கிறேன். 14 வருஷமாகக் காக்கர் வளர்க்கிறேன். முதலில் ஒன்று, இப்போது இரண்டாவது. உங்கள் ஊரை விட எங்களுக்கு மழை ஒரு பிடி கூடத்தான். அதனால் காதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாய் வந்த வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆடி மாதம் தலையை உதறிக்கொண்டே இருந்தான். ஈரம் பட்டதால் உதறுகிறான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது காதுமடல் இட்லி மாதிரி உப்பி நிற்கிறது. உதறி உதறி உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டிவிட்டது. கீறி, தையல் போட்டு, பத்து நாள் தலையைச் சுற்றிக் கட்டு. அந்தக் காது கடைசி வரை சுருங்கியே இருந்தது. அவன் சாகும் வரை அந்தக் காதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும்.

அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். காக்கரின் காது நீளம் மட்டுமல்ல, கனமும் கூட. மடல் மூடி போட்டது மாதிரி துளையை அடைத்துவிடுகிறது, உள்ளேயும் முடி. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை வரும். மடலைத் தூக்கி மூக்கை வைத்துப் பாருங்கள். நல்ல காதில் ஒரு வாடையும் இருக்காது. இரண்டு நாள் புளித்த மாவு வாடை அடித்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காப்பித் தூள் நிறத்தில் அழுக்கு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும்.

நான் செய்வது இதுதான். சாரல் மாதங்களில் வாரம் இரண்டு தடவை, மற்ற மாதங்களில் ஒரு தடவை. மடலைத் தூக்கிப் பிடித்து, டாக்டர் எழுதித் தந்த காது கழுவும் மருந்தைத் துளை நிறைய விடுவேன். மடலுக்கு அடியில், தாடைக்கு மேலே, குருத்தெலும்பு கையில் தட்டுப்படும். அந்த இடத்தை அரை நிமிஷம் பிசையவேண்டும். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்கும், அது கேட்டால்தான் மருந்து அடிவரை போயிருக்கிறது. பிறகு கையை எடுத்துவிட்டால் அவனே உதறி அழுக்கை மேலே கொண்டுவருவான். விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் போகும் தூரம் மட்டும் துடைக்கவேண்டும். பட்ஸ் குச்சி கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். மடலின் உள்பக்க முடியை மாதம் ஒரு தடவை குட்டையாக வெட்டிவிட்டால் காற்று புகும்.

அப்புறம் சாப்பாடு. தட்டில் வைத்தால் காது முழுக்கக் குழம்பில் தோயும். நான் குறுகின வாய் உள்ள ஒரு போணியில் வைக்கிறேன். மூஞ்சி மட்டும் உள்ளே போகும், இரண்டு காதும் வெளியே தொங்கும்.

குணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வுட்காக் என்று ஒரு பறவை, நம்மூர் உள்ளான் வகை. அதைப் புதருக்குள் புகுந்து கிளப்பிவிட வளர்த்ததால்தான் காக்கர் என்ற பெயரே வந்தது. 1892இல் இங்கிலாந்தில் தனி இனமாகப் பதிவு செய்தார்கள். அந்த மூக்கு இன்னும் போகவில்லை. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, வயல் வரப்பில் முகர்ந்து முகர்ந்து நடக்கவேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வீட்டுச் செருப்பு ஒன்றும் மிஞ்சாது. எடை 13, 14 கிலோ வரும். சோறு கண்டால் விடாது, கண்டபடி போட்டால் 20ஐத் தொட்டுவிடும். உங்கள் அத்தை உருட்டிக் கொடுக்கும் அந்த ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே நிறக் காக்கர்களிடம் சீறி விழும் குணம் இரண்டு நிறக் காக்கர்களை விடக் கூடுதல் என்று இங்கிலாந்தில் 1990களில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு வருவது தேன் நிறம். அதற்காகப் பயந்து வேண்டாம் என்று சொல்லமாட்டேன், என் இரண்டு நாய்களும் தேன் நிறம்தான். ஆனால் தாயின் குணத்தைப் பார்க்காமல் குட்டியைத் தொடாதீர்கள். தாய் சாப்பிடும்போது வீட்டுக்காரர் கிட்டே போனால் உறுமுகிறதா என்று பாருங்கள். உங்கள் மகனுக்கு 4 வயது என்பதால் சொல்கிறேன்.

கல்லடையாறு:

நான் பிறந்தது கடையநல்லூர், கட்டிக்கொடுத்தது புனலூர். எங்கள் வீட்டில் ஒரு கவாலியர் 9 வருஷம் இருந்தாள். அவளைப் போல ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. என் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒன்றரை வருஷமும் அவர்கள் இடது கைக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அசையாத கை அது. உங்கள் தம்பிக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் மோளே, அவள் நெஞ்சைப் பற்றி நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஐந்தாவது வயதில் ஊசி போடப் போனபோது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். இதயத்தின் இடதுபக்க வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் கசிகிறது என்றார். இந்த இனத்தில் பாதி நாய்களுக்கு ஐந்து வயதுக்குள் அந்தக் கசிவுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுமாம். பத்து வயது தாண்டியதில் தப்பித்தது அபூர்வம். நான் அவளுக்கு எதைக் கொடுத்திருந்தாலும், எதைக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது வந்திருக்கும். ரத்தத்திலேயே இருக்கிறது.

ஏன் என்று தேடிப் படித்தேன். பழைய ராஜா காலத்து ஓவியங்களில் இருக்கும் நீள மூக்கு ஸ்பேனியல் வேண்டும் என்று ஒரு அமெரிக்கர் 1926இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தாராம். அதற்குப் பிறகு கொஞ்ச நாய்களை வைத்துத் திரும்பத் திரும்பக் கலந்து உண்டாக்கின இனம் இது. 1945இல்தான் தனியாகப் பதிவானது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கட்டி வந்த கோளாறு. இன்னொன்றும் உண்டு. மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல் தண்டுவடத்தில் நீர் கோத்துக்கொள்வது. கழுத்துப் பக்கம் காலைத் தூக்கிக் காற்றில் சொறியும், தோலைத் தொடாது. நார்வேயில் இதெல்லாம் கோர்ட்டுக்குப் போய், கவாலியரை இப்படியே இனவிருத்தி செய்வது பிராணிகள் நலச் சட்டத்துக்கு எதிரானது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எங்கள் வீட்டில் ஆறாவது வயதில் இதயம் பெரிதாக ஆரம்பித்தது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போகவர ஒரு பகல். பிறகு பிமோபெண்டான் மாத்திரை, காலையும் இரவும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். அந்த மாத்திரை கொடுத்தால் இதயம் செயலிழப்பது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகும் என்று 2016இல் ஒரு பெரிய ஆய்வில் தெரிந்தது என்றார் டாக்டர். எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்தது. கடைசி வருஷம் தினமும் ராத்திரி அவள் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுவேன். 30க்கு மேல் போனால் நுரையீரலில் நீர், உடனே கிளம்பவேண்டும். 22, 24, 23 என்று காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ராத்திரி 41 வந்தது. தென்மலை வழியாகப் போகிற வண்டியெல்லாம் நின்றுபோன மழை ராத்திரி அது.

கவாலியர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்குவதானால் தாயும் தகப்பனும் இரண்டரை வயது தாண்டியவையா, அவற்றின் இதயத்தைப் பரிசோதித்த சீட்டு இருக்கிறதா, தாத்தா பாட்டி நாய்களுக்கு ஐந்து வயதில் இதயம் சுத்தமாக இருந்ததா என்று கேளுங்கள். காகிதத்தைக் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

சாரல்வீடு:

சேச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். கொச்சிக்காரரிடம் நேற்று நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். தாய் தகப்பன் வேறு இடத்தில் இருக்கிறதாம். இதயச் சீட்டா, இந்தக் குட்டிக்கு அதெல்லாம் தேவையில்லை, சாம்பியன் ரத்தம் என்றார். முன்பணம் போட்டால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறாராம், 40 நாள் குட்டி.

கம்பம்பள்ளத்தாக்கு:

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். அந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017 முதல் மத்திய அரசின் விதி. 40 நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டி, கடிக்கும் அளவு தெரியாமல் வளரும். தாயும் கூடப்பிறந்ததும்தான் அதைக் கற்றுக்கொடுக்கும். வண்டியில் வந்து இறங்கி மூன்றாம் நாள் ரத்தப்பேதியோடு எங்களிடம் தூக்கிவருவார்கள். பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பாதிதான் பிழைக்கும் என்று பயந்துகொண்டேதான் ஊசியை எடுப்போம்.

காக்கர் என்றால் காது மட்டும் இல்லை. கண்பார்வை மெல்லப் போகும் ஒரு பரம்பரை நோயும், சின்ன வயதிலேயே சிறுநீரகம் கெடும் ஒன்றும் இந்த இனத்தில் உண்டு. இரண்டுக்கும் ஜீன் பரிசோதனை இருக்கிறது. வீட்டில் குட்டி போட்டவர்கள் செய்திருக்கமாட்டார்கள், ஆனால் தாய்க்கு என்ன வயது, இருட்டில் தடுமாறுகிறதா, அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் ஊருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி மிக முக்கியம். புனலூர்ப் பக்கம் எலிப்பனி என்பார்கள். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் நாய்க்கு வரும், நாயிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் வரும். போடும் ஊசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடி ஊசி. சாரல் முடிந்து வெயில் வந்ததும் உண்ணி பெருகும். ஸ்பேனியலில் அது காதின் உள்மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். தினமும் விரலால் தடவித் தேடுங்கள். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்தால் உண்ணிக்காய்ச்சல் என்று நினைத்து அன்றைக்கே ரத்தம் பார்க்கவேண்டும்.

வெயிலுக்காக மொட்டை அடிக்காதீர்கள். வயிற்றுப்பக்க முடியையும் பாதத்து முடியையும் மட்டும் குட்டையாக்கினால் போதும்.

சாரல்வீடு:

ஞாயிற்றுக்கிழமை புனலூர் போய்வந்தோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ரயிலிலேயே போனோம். பதிமூன்று கண் பாலத்தில் மகன் எண்ணிக்கொண்டே வந்தான்.

தாயின் பெயர் அம்மு. வயது 4. நாங்கள் உள்ளே நுழைந்ததும் இரண்டு தடவை குரைத்துவிட்டு வந்து வீட்டுக்காரரின் காலை முகர்ந்தது. மில் மரத்தூள் வாசம் அவர் சட்டையில் எப்போதும் இருக்கும், அதை விடவே இல்லை. மேக்கரை அண்ணாச்சி சொன்னபடி சாப்பாடு வைக்கச் சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டுப் பாட்டி பாதியில் பாத்திரத்தை எடுத்தார்கள். அம்மு நிமிர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. காதைத் தூக்கி முகர்ந்தேன். வலது காது சுத்தம். இடது காதில் லேசாக அந்த மாவு வாடை. அவர்களிடம் சொன்னேன், கூச்சப்படாமல் ஒப்புக்கொண்டார்கள், போன மாதம்தான் மருந்து விட்டார்களாம். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரவில் தடுமாற்றம் இல்லை, தண்ணீரும் சாதாரணமாகத்தான் குடிக்கிறதாம்.

வரும் வழியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். காக்கருக்கு வரக்கூடியதில் பெரும்பங்கு என் கையால் பார்த்துக்கொள்ளக்கூடியது. காதைத் துடைக்கலாம், உண்ணியைத் தேடலாம், சோற்றை அளந்து போடலாம். நெஞ்சுக்குள் நடப்பதை நான் ராத்திரி உட்கார்ந்து எண்ணத்தான் முடியும். மணியைப் பறிகொடுத்து இன்னும் நான்கு மாதம்கூட ஆகவில்லை, அத்தைக்கு அதைத் தாங்கும் மனசு இப்போது இல்லை. தம்பிக்கு போனில் விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் வருத்தம், ஆனாலும் சரி என்றான்.

குட்டியை மே 6 அன்று கொண்டுவருகிறோம். மடியில் உட்காருமா என்று அத்தை கேட்கிறார்கள். சாரல் தொடங்க ஒரு மாதம்தான் இருக்கிறது, அது போதுமா?

மேக்கரைத்தோப்பு:

போதும். வந்த அன்றிலிருந்தே தினமும் காதைத் தூக்குங்கள், மருந்து விடவேண்டாம், சும்மா தூக்கித் தடவி ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். ஜூனில் மருந்துப் புட்டியைப் பார்த்தால் அதுவாகவே தலையைச் சாய்க்கும். மகள் கையாலும் செய்யச் சொல்லுங்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஊசி முடியும் வரை வெளித்தரையில் விடவேண்டாம், திண்ணையோடு இருக்கட்டும். நன்றாக நடந்து வந்த நாள் சாயங்காலம் காக்கரும் மடிக்கு வரும், அத்தையிடம் சொல்லுங்கள்.

சாரல்வீடு:

சொல்லிவிட்டேன். அத்தை அப்போதே பரணிலிருந்து அவர்கள் கல்யாணச் சீரில் வந்த பித்தளைப் போணியை இறக்கச் சொன்னார்கள். வாய் குறுகல்தான். பித்தளையில் வைக்கலாமா அண்ணாச்சி?

மேக்கரைத்தோப்பு:

ஈயம் பூசாத பித்தளையில் புளியோ தயிரோ பட்டால் களிம்பு ஏறும், வேண்டாம். அதே அளவில் எவர்சில்வர் வாங்குங்கள், அடி கனமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உருட்டிவிடும். குட்டியின் மூஞ்சி மட்டும் உள்ளே போகும் அளவுக்கு வாய் இருந்தால் சரியாக இருக்கும்.